இருபத்தாறு சொடுக்கு

போட்டோமா, போடலையா. இவ்வளவுதான் கேள்வி. சவரிமுத்துவின் அறுபத்தெட்டு வயதில் பதில் இல்லாத கேள்வி என்று ஒன்று அவரைத் தாண்டிப் போனதில்லை; பதில் தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே ஒன்றைச் செய்து கையில் கொடுத்துவிடுவார், கேட்டவனும் சூடு ஆறாமல் வாங்கிக்கொண்டு போவான். இன்றைக்குக் கேட்கிறவரும் அவர்தான், வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரும் அவர்தான். எதிரே சாப்பாட்டு மேசையில் இன்சுலின் பேனா மூடி போட்டுப் படுத்திருந்தது. ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று வேலை செய்கிற இன்சுலின். தினமும் காலை ஆறரைக்கு ஒரே ஒரு ஊசி, வயிற்றில். மூன்று மாதமாகப் போடுகிறார். மூன்று மாதமும் அந்த நேரத்துக்கு லூர்தம்மாள் அடுப்படி வாசலில் ஈரக் கையோடு வந்து நின்று "போட்டாச்சா?" என்பாள், இவர் "போட்டாச்சு" என்பார், அவள் உடனே சுவரில் தொங்கும் கோயில் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு சரிக்குறி போடுவாள். ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் கேட் பூட்டியாச்சா என்று போனில் நம்பர் மாற்றிக்கொள்கிற மாதிரி இருக்கு என்று கிண்டல் பண்ணியிருக்கிறார். முப்பத்தைந்து வருசம் ரயில்வே கேட்டில் நின்ற மனுசன். இன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி. ஆறரைப் பூசைக்கு அவள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஃப்ளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீ, ஹாட்பாக்ஸில் நாலு இட்லி, "மறக்காமப் போட்டுக்கங்க, இருபது" என்ற குரல், கதவு சாத்திய சத்தம். காலண்டரில் வெள்ளிக்கிழமைக் கட்டம் வெள்ளையாக இருந்தது. மணி ஆறு ஐம்பது.

சரி, தடயம் பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். காணாமல் போன கூட்ஸ் வண்டியைத் தண்டவாளத்தில் மூக்கை வைத்து மோந்தே கண்டுபிடித்தவர் அவர் (டீக்கடையில் இதை நம்பாதவர்கள் உண்டு, ஆனால் டீயை வைத்துவிட்டு எழுந்து போனவர் யாரும் இல்லை). பேனாவின் பின்பக்கக் குமிழ் பூஜ்யத்தில் நின்றது. போட்டு முடித்தாலும் பூஜ்யம், தொடவே தொடாவிட்டாலும் பூஜ்யம். இப்படி ஒரு சாட்சி ஊரில் இருந்தால் எவனையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. ஊசியைப் பார்த்தார். தினம் புதுசு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், இவர் ஒன்றை நாலு நாள் ஓட்டுவார், அது தன் பாட்டுக்கு நேற்றைய முகத்தோடேயே இருந்தது. மருந்து எவ்வளவு மிச்சம் என்று பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் கோடு இருக்கிறது, ஐம்பது ஐம்பதாக. நேற்று உள்ளே மருந்தைத் தள்ளுகிற கறுப்பு ரப்பர் எந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே நின்றது? நூறுக்குக் கொஞ்சம் மேல். இன்றைக்கும் நூறுக்குக் கொஞ்சம் மேல்தான். நேற்றைய கொஞ்சமும் இன்றைய கொஞ்சமும் ஒரே கொஞ்சமா? பனியனைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். தொப்புளுக்கு வலதுபக்கம் நாலைந்து சிவப்புப் புள்ளி, இடதுபக்கம் மூன்று. எந்தப் புள்ளி எந்தக் கிழமை என்று வயிறு எழுதி வைக்கவில்லை. மேசைமேல் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. ஆஹா! போடுவதற்கு முன்னால் இரண்டு யூனிட்டை வெளியே தட்டிவிட்டு ஊசி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அந்தச் சொட்டு! விரலால் தொட்டு மோந்தார். இன்சுலினுக்கு ஒரு மருந்து வாடை உண்டு. இதில் வந்தது டீ வாடையா, மருந்து வாடையா, அவருடைய விரல் வாடையா? டீ டம்ளர் பாதி காலி. ஊசி போடாமல் டீயைத் தொடுவதில்லை, ஆகவே போட்டாச்சு. ஆனால் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லாத நாளில்தானே மனுசன் தொடுவான், ஆகவே போடலை. அடேயப்பா. இந்தத் தண்டவாளம் எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறதே.

ஆனால் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதுதான் வேடிக்கை. தெளிவாக ஞாபகம் இருக்கிறது. குமிழைத் திருகியதும், ஒரு யூனிட்டுக்கு ஒரு சொடுக்காக டிக் டிக்கென்று அது எண்ணிக்கொண்டே வந்ததும், கூட்ஸ் வண்டி கேட்டைத் தாண்டும்போது பெட்டி பெட்டியாக எண்ணுவாரே அதே மாதிரி இருபத்தாறு பெட்டி, வயிற்றுச் சதையைப் பிடித்ததும், ஊசி இறங்கிய இடத்தில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்கும். எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த ஞாபகத்துக்குள் டீக்கடை ஆரோக்கியமும் இருக்கிறான், வடைச் சட்டியில் கரண்டியைப் போட்டபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அங்கேதான் உதைக்கிறது. இன்று காலையில் எழுந்ததும் விரலைக் குத்தி மிஷினில் பார்த்தபோது தொண்ணூற்றாறு என்று வந்தது. தொண்ணூற்றாறு! நாலு வருசத்தில் வெறும் வயிற்றில் மூன்று இலக்கத்துக்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை. அந்தச் சந்தோசத்தில், ஏழரை மணிக்கு ஆரோக்கியத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். "டேய் ஆரோக்கியம், மிஷினே பயந்துருச்சுடா, நம்பர் காட்ட மாட்டேன்னு ஒரு நிமிசம் கண்ண மூடிக்கிச்சு..." அந்தக் கதையில் அவர் பேனாவை எடுத்தார், திருகினார், போட்டார். கையும் ஆடியிருக்கும், கதை சொல்லும்போது அவர் கை சும்மா இருக்காது. வெறுங்கையா, பேனா இருந்த கையா? ஐம்பது வருசமாக நடக்காததை நடந்ததாகச் சொல்லி, சொன்னதை நடந்ததாகப் பார்த்து, பார்த்ததை இன்னும் கொஞ்சம் மினுக்கி வைத்த தலை இது. சுருக்கென்றது என்றால் சுருக்கென்றிருக்கும். கொல்லிமலைப் புலி அவர் முழங்காலை நக்கியதுகூட இன்னும் அந்த இடத்தில் சொரசொரவென்று இருக்கிறது. கொல்லிமலைக்கு அவர் போனதே இல்லை.

போடாமல் விட்டால் என்ன ஆகும், ஒரு நாள் சர்க்கரை ஏறும், இருநூறு, இருநூற்றைம்பது, நாக்கு வறளும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை போட்டுவிட்டால்? இருபத்தாறும் இருபத்தாறும் ஐம்பத்திரண்டு. கணக்கு அந்த இடத்தில் நின்று மேலே போக மறுத்தது. ரயில் எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்த ஜெகதீசனுக்கு அப்படித்தான் ஆனது. போட்டதை மறந்து இன்னொன்று போட்டுக்கொண்டான், பதினோரு மணிக்குச் சட்டை பிழிகிற மாதிரி வேர்த்து, பெண்டாட்டியைப் பார்த்து "நீங்க யாரு, எந்த ஸ்டேஷன்ல ஏறுனீங்க" என்று கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் பாட்டில். ஒரு தடவை ஏற்றிவிட்டால் இறங்குவதற்கு நாள் முழுக்க ஆகிற மருந்து, பாதி வழியில் சங்கிலியைப் பிடித்து இழுக்க முடியாது. அப்புறம் இன்னொன்று. அவர் போட வேண்டியது இருபத்தாறே இல்லை. இருபது. இந்தக் கூடுதல் ஆறு அவருக்கும் பேனாவுக்கும் மட்டும் தெரியும். கிளினிக்கில் ஹேமலதா சிஸ்டர் அவர் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள், வாயாலும் சொன்னாள், இவர் கதை சொல்ல வாயெடுக்கிறபோதெல்லாம் விரலை நீட்டி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "ஐயா, மூணு நாள் வெறும் வயித்துல பாருங்க. மூணு நாளும் நூத்தி முப்பதுக்கு மேல இருந்தா ரெண்டே ரெண்டு யூனிட் கூட்டுங்க. மறுபடி மூணு நாள். இன்னைக்குப் போட்டது இன்னைக்கே முழுசாத் தெரியாது, அது மெதுவா வந்து சேரும். எழுபதுக்குக் கீழ ஒரு தடவை போனாலும், கை நடுங்கினாலும், வேர்த்தாலும், எனக்குப் போன்." திங்கட்கிழமை இருபது. செவ்வாய்க் காலையில் நூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது, என்னடா இது அசைய மாட்டேன் என்கிறது என்று இருபத்திரண்டு போட்டார். புதன் நூற்று நாற்பத்திரண்டு, இருபத்துநாலு. வியாழன் நூற்று முப்பத்தொன்று, இருபத்தாறு. எல்லாம் ஒரு டம்ளர் பாயசத்துக்காக. அடுத்த ஞாயிறு பேத்தி கோயிலில் முதல்முறையாக நன்மை வாங்குகிற புதுநன்மை விழா, நூற்றிருபதுக்குக் கீழே வந்தால் ஒரு டம்ளர் உண்டு என்று லூர்தம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள், அதுவும் முந்திரி போட்டது. நேற்றுப் பதினோரு மணிக்கு நியூஸ்பேப்பர் கையில் படபடத்தது, காற்று என்று நினைத்துக்கொண்டார். ஃபேன் ஓடவில்லை. ஒரு வாழைப்பழத்தைத் தின்றார், காற்று நின்றுவிட்டது. அப்படியானால் இந்தத் தொண்ணூற்றாறு அவர் ஜெயித்த நம்பரா, இல்லை வந்துகொண்டிருக்கிற வண்டியின் முன்விளக்கா?

ஆனாலும் கை பேனாவை எடுத்தது. போட்டிருக்க மாட்டேன் என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் பத்து எண்ணியது ஞாபகம் இல்லை. ஊசி உள்ளே இருக்கும்போது பத்து வரை எண்ணிவிட்டுத்தான் உருவ வேண்டும், இல்லாவிட்டால் மருந்து ஒழுகிவிடும்; அந்தப் பத்தை எங்கே காணோம்? பெட்டிகள் எல்லாம் போனது தெரிகிறது, வண்டி முழுசாகப் போய்விட்டது என்று காட்டுவதற்காகக் கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்குகிற பலகை தெரியவில்லை. ஆகவே போடலை. ஆகவே போட்டுவிடலாம். லூர்து வருவதற்குள் போட்டு, அவள் கேட்டதும் போட்டாச்சு என்று சொல்லி, கட்டத்தில் சரிக்குறி விழுந்து, எல்லாம் நல்லபடியாக. மூடியைக் கழற்றினார். டிக். டிக். டிக். ஜன்னலுக்கு வெளியே பால்காரன் சைக்கிள் மணி, மாடிவீட்டு ரேடியோவில் விளம்பரம், டிக், டிக், இருபத்தாறில் குமிழ் நின்றது. சதையைப் பிடித்தார். ஊசி முனை தோலைத் தொட்டு, சில்லென்று. அந்தச் சில்லில் கேட் கம்பி வந்து நின்றது, மத்தியான வெயிலில் காய்ந்த கம்பி இல்லை, மழை பெய்து ஓய்ந்து குளிர்ந்த கம்பி, வத்தலக்குண்டு ரோட்டு கேட், அவருக்கு இருபத்தாறு வயசு. டீக்கடையில் சொல்கிற கதையில் அன்றைக்கு விசில் உடைந்த ஒரு கூட்ஸ் பேய் மாதிரி சத்தமில்லாமல் வருகிறது, கல்யாணக் கார் ஒன்று கேட்டைத் திற, கேட்டைத் திற என்று கத்துகிறது, சவரிமுத்து கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுக்கிறார், கூட்ஸ் பறக்கிறது, பதினாறு உயிர் பிழைக்கிறது, கல்யாணப் பெண் கழுத்து மாலையைக் கழற்றி இவருக்குப் போட்டுவிடுகிறாள், மாப்பிள்ளைக்குப் பூ மிச்சம் இல்லை. உண்மையில் நடந்தது டீக்கடையில் யாருக்கும் தெரியாது. பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் தின்றுவிட்டு, இரண்டு மணிக் கூட்ஸுக்காகக் கேட்டைப் பூட்டிவிட்டு, கம்பத்தில் சாய்ந்தார். கண் மூடித் திறந்தபோது ரோட்டில் கல்யாணக் கார் நிற்கிறது, ஹாரன் அடிக்கிறார்கள், வண்டி போய்விட்டதா, இனிமேல்தான் வருமா, தெரியவில்லை. மழையில் போன் செத்துப்போயிருந்தது. தண்டவாளத்தில் காதை வைத்தார், காதில் அவருடைய ரத்தம்தான் ஓடியது. திறந்துவிடலாமென்று சாவியைக் கூடப் பூட்டுக்குள் விட்டார். சந்தேகம் வந்தால் திறக்காதே என்று டிரெயினிங்கில் சொன்ன ஒரே வரி எங்கிருந்தோ வந்து கையைப் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடம். "தூங்குமூஞ்சி, திறடா" என்று காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி நீட்டித் திட்டினார், மாப்பிள்ளையின் தகப்பனார் கும்பிட்டார், மாட்டுவண்டிக்காரன் துப்பினான். கடைசியில் ஸ்டேஷனிலிருந்து ஒருத்தன் சைக்கிளில் வந்து சொன்னான்: "அண்ணே, வண்டி போயி முக்கா மணி நேரமாச்சு, என்னண்ணே பண்றீங்க?" ஊரே சிரித்தது. மெமோ கொடுத்தார்கள். விசில் உடைந்த கூட்ஸை அன்றைக்குச் சாயங்காலமே அவர் உருவாக்கிவிட்டார், அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருசம் நடக்க முடியாதில்லையா. ஆனால் இப்போது ஊசி முனையில் நிற்கும்போது ஒன்று மட்டும் தெரிந்தது, அன்றைக்குக் கடைசிப் பலகையைப் பார்க்காததால் அவர் திறக்கவில்லை. பலகையைப் பார்க்கவில்லை என்றால் வண்டி வரவில்லை என்று அர்த்தமா? இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். இவர் தூங்கியிருக்கலாம். கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம், அதுவும் தூக்கம்தானே. ஊசியைத் தோலிலிருந்து எடுத்தார். குமிழைப் பின்னோக்கித் திருகினார், இருபத்தாறு சொடுக்கு, ஒவ்வொன்றாக, பூஜ்யம் வரைக்கும். இந்தத் தடவை எண்ணினார், சத்தமாக எண்ணினார்.

போனை எடுப்பது ஊசியை விடக் கஷ்டமாக இருந்தது. ஹேமலதா சிஸ்டர் மூன்றாவது மணியில் எடுத்தாள், பின்னால் குக்கர் விசில்.

"சொல்லுங்க ஐயா. காலங்காத்தால யாரு, புலியா?"

"புலி இல்லம்மா. ஊசி போட்டேனா இல்லையான்னு தெரியல."

"இன்னொண்ணு போட்டுட்டீங்களா?"

"இல்ல. திருகினேன். திருப்பி வச்சுட்டேன்."

"அப்பாடா. தொடாதீங்க. சந்தேகம்னா போடக்கூடாது, ஒரு நாள் விட்டா ஒண்ணும் முழுகிறாது. எவ்வளவு, இருபதுதானே?"

இங்கே ஒரு பாலம் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் அந்தப் பக்கம் போய்விடலாம், பாயசம் அந்தப் பக்கம் இருந்தது, மானம் அந்தப் பக்கம் இருந்தது. குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"இருபத்தாறு. தினம் ரெண்டு ரெண்டாக் கூட்டிட்டேன். நேத்துக் கை நடுங்குச்சு, உங்ககிட்டச் சொல்லல."

சிஸ்டர் திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவள் திட்டவில்லை, குரல் மட்டும் கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "சொன்னீங்களே, அதுவே நல்லது. இப்ப ஒரு தடவை பாருங்க, போன்லயே இருக்கேன்." விரலைக் குத்தினார். எண்பத்தெட்டு. "சரி. இட்லிய இப்பவே சாப்பிடுங்க, ஒண்ணக்கூடக் குறைக்காதீங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்க, படுக்கப் போறப்பவும் பாருங்க. எழுபதுக்குக் கீழ போனா மூணு ஸ்பூன் சீனி தண்ணில கரைச்சு உடனே குடிச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்துட்டு எனக்கு அடிங்க. தலை சுத்தினா, பேச்சுக் குழறினா, நேரா ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலைல என்ன நம்பர்னு சொல்லுங்க, எவ்வளவு போடணும்னு டாக்டர்கிட்டக் கேட்டு நான் சொல்றேன், அதுவரைக்கும் பேனா அலமாரில இருக்கட்டும். தனியாவா இருக்கீங்க?"

"பூசைக்குப் போயிருக்கா. வந்துருவா."

"அவங்ககிட்டயும் சொல்லணும். கதையா இல்ல."

மூன்றாவது இட்லியில் இருக்கும்போது கதவு திறந்தது. லூர்தம்மாள் முக்காட்டை இறக்காமலே உள்ளே வந்தாள், ஜெபப் புத்தகத்தை மேசையில் வைத்தாள், கை பென்சிலுக்குப் போனது. "போட்டாச்சா?"

"தெரியல."

பென்சில் கட்டத்துக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நின்றது. நாற்பத்தொரு வருசத்தில் இந்த வார்த்தை இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், இது எந்தக் கதையின் முதல் வரி என்று தேடுகிற பார்வை. அவர் சொன்னார். தொண்ணூற்றாறு, ஆரோக்கியம், பத்து எண்ணாதது, இருபது இல்லை இருபத்தாறு, நேற்றைய வாழைப்பழம், சிஸ்டர் சொன்னது. சொல்லி முடித்தும் அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.

"இந்நேரம் புலி வரணுமே."

"புலி இல்ல லூர்து."

அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், வேர்வை இல்லை. "பாயசத்துக்காக உசுர விலைக்கு வைப்பீங்களோ. எருமைக்கு வயசாகியும் புத்தி வல்ல." கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவர் சட்னியைப் பார்த்துக்கொண்டே, வாங்கிய அடியோடு இதையும் வாங்கிவிடலாமென்று, "அந்தக் கல்யாணக் கார் கதையும் பொய்தான்" என்றார். "விசில் உடையல. வண்டி முன்னாலயே போயிருச்சு. நான் தூங்கிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காருக்குள்ள இருந்து தலைய நீட்டி நீட்டித் திட்டுனது யாருன்னு நெனச்சீங்க? எங்க பாக்கியம் சித்தப்பா. நாப்பது நிமிசமும் திட்டிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தும் சோத்துல கைய வச்சுக்கிட்டுத் திட்டுனாரு."

சவரிமுத்துவின் கையில் இட்லி நின்றது. அந்தப் பாக்கியம் சித்தப்பாதான் மறுவருசம் சம்பந்தம் பேச வந்தவர். ரயில்வே உத்தியோகத்துக்காக வந்தார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"எங்கப்பா கேட்டாரு, அந்தத் தூங்குமூஞ்சிக்கா என் பிள்ளயக் கேக்கிறேன்னு. அதுக்கு சித்தப்பா சொன்னாரு, ஆமா, தூங்குமூஞ்சிதான், பொய்யும் சொல்லுவான், ஊருக்குள்ள விசாரிச்சுட்டேன். ஆனா கல்யாணப் பந்தல் காத்திருக்கு, நாலு தெருவே நின்னு திட்டுது, தனக்குத் தெரியலங்கிற ஒண்ணுக்காகத் திறக்காம நின்னான் பாரு, அவனுக்குக் குடுக்கலாம்னாரு."

"இத ஏன் நீ சொல்லவே இல்ல?"

"பொண்ணு மால போட்ட கதைய நீங்க அவ்வளவு ஆசையாச் சொல்லுவீங்க. எதுக்குக் கெடுப்பானேன்." அவள் எழுந்தாள். பேனாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை முந்தியில் முடிந்தாள். சீனி டப்பாவும் ஒரு ஸ்பூனும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகு காலண்டருக்குப் போய் வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் சரிக்குறிக்குப் பதிலாக, இடம் போதாமல் எழுத்தை நெருக்கி நெருக்கி, தெரியல என்று எழுதினாள். அதற்குக் கீழே பத்து மணி, ஒரு மணி, நாலு மணி.

"நாலாவது இட்லி இருக்கு, பாத்துட்டே உக்காந்திருக்கீங்க."

அவர் எடுத்துக்கொண்டார். அவள் முக்காட்டை அப்போதுதான் இறக்கினாள், கடிகாரம் தெரிகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.